நகர்ந்துகொண்டே போன மஞ்சள் டேப்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது ரேஷனுக்கும் ஓட்டுக்கும்தான் உதவியது. மற்றபடி ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு அவள் ‘பிரேக் அக்கா’. பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் மிதி உண்டு. அதன்மேல் பாதத்தை வைத்தபடியே உட்கார்ந்து உட்கார்ந்து, வீட்டில் கணவர் வேகமாகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தால்கூட அவள் கால் தானாகத் தரையை அமுக்கும். “நான் நின்னுட்டேன், காலை எடு” என்பார் அவர். சுவருக்கு வர்ணம் பூசுகிறவர். அவரை எந்தப் பிரேக்கும் பாதித்ததில்லை.

பயிற்சிப் பள்ளி அவள் அப்பா தொடங்கியது. அப்பாவுக்குப் பிறகு அண்ணன் கைக்கு வந்தது. அவள் கைக்கு வந்தது அந்தப் பிரேக் மிதி பொருத்திய இருக்கை மட்டும். முதலில் பெண்களுக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கலாம் என்று உட்காரவைத்தார்கள். பிறகு ஆண்களும் “அந்த அக்காகிட்டயே கத்துக்கறேன், உங்க அண்ணன் ரொம்பத் திட்டறார்” என்று வந்தார்கள். அவளும் திட்டுவாள். ஆனால் வண்டி நின்ற பிறகுதான் திட்டுவாள். அது ஒரு வித்தியாசம்தானே? அந்த இருக்கையின் பஞ்சு அவள் உட்கார்ந்த அளவுக்கு அமுங்கி, வேறு யார் உட்கார்ந்தாலும் இடுப்பு வலிக்கும் நிலைக்கு வந்திருந்தது. காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பி அதில் உட்கார்ந்து கதவைச் சாத்தினால்தான் அவளுக்கு அன்றைய பொழுது விடியும்.

அண்ணன் கெட்டவரல்ல. அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டு விலகிவிடலாம். இவர் பாசமாக, சிரித்த முகத்தோடு, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற ரகம்.

அவர் பிடித்த முயல் ஒரு மஞ்சள் டேப்.

பழகுகிறவர்களுக்குச் சக்கரம் நேராக இருக்கிறதா என்று உள்ளேயிருந்து தெரியாது. அதனால் ஸ்டியரிங் வளையத்தின் உச்சியில் ஒரு விரல் அகல டேப் ஒட்டுவது பல பள்ளிகளில் வழக்கம். டேப் மேலே நின்றால் சக்கரம் நேர். அப்பா காலத்தில் ஒட்டிய டேப் சரியாக உச்சியில் இருந்தது. ஆனால் பயிற்சிக் கார் என்பது ஊரார் பிள்ளைகள் எல்லாம் ஏறி மிதிக்கிற வண்டி. ஒருவர் நடைபாதை விளிம்பில் முட்டுவார், ஒருவர் குழியில் இறக்குவார், இன்னொருவர் நின்ற வண்டியிலேயே ஸ்டியரிங்கைக் கடைசிவரை முறுக்குவார். நாளடைவில் கார் இடப்பக்கம் சாய்ந்து போக ஆரம்பித்தது. நேராகப் போகவேண்டுமானால் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பியே பிடித்திருக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் டேப் உச்சியிலிருந்து விலகி நின்றது. பார்ப்பவர் என்ன செய்வார்? வண்டியைப் பழுது பார்ப்பார். அண்ணன் டேப்பைப் பிரித்து, கொஞ்சம் தள்ளி ஒட்டினார்.

“பாத்தியா? இப்ப டேப் மேலே நிக்குது, வண்டி நேராப் போகுது. முடிஞ்சுது வேலை” என்றார்.

வேலை முடியவில்லை. சில மாதத்தில் மறுபடி தள்ளி ஒட்டினார். பிறகு மறுபடி. வளையத்தின் மேல் பழைய பசைத் தடங்கள் அழுக்கு சேர்ந்து கருத்துப்போய், உச்சியிலிருந்து இடப்பக்கமாக வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. அவள் ஒவ்வொரு காலையும் காரில் ஏறியதும் அந்தத் தடங்களைப் பார்ப்பாள். பார்த்ததும் பற்றிக்கொண்டு வரும்.

அவள் சொல்லாமல் இருந்தாள் என்று யாரும் நினைக்கக் கூடாது. சொன்னாள். காலையில் சொன்னாள், மாலையில் சொன்னாள், அண்ணியை விட்டுச் சொல்லச் சொன்னாள். “அண்ணே, இடப்பக்கம் இழுக்குது.” “ரோடு சரிவும்மா.” “அண்ணே, வேகம் எடுத்தா ஸ்டியரிங் கையில நடுங்குது.” “இறுக்கிப் பிடிக்காதே, லேசாப் பிடி.” “பிரேக் போட்டா ஒரே பக்கமாப் பாயுது.” “மெதுவாப் போடச் சொல்லு.” “டயர்ல காத்து?” உடனே அண்ணன் எழுந்துபோய் ஒரு டயரைக் காலால் உதைப்பார். அதுதான் அவருடைய காற்றுமானி. “கல்லு மாதிரி இருக்கு” என்பார். நான்கையும் உதைத்தால் கால் வலிக்கும் என்பதாலோ என்னவோ, எப்போதும் அதே டயரைத்தான் உதைப்பார்.

எல்லாம் சொல்லி முடித்தபின் அந்தப் பழமொழியை எடுப்பார். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!” சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். அந்தப் பழமொழியைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரு கேள்வி எழும். எல்லோரும் அந்த ஆட்டக்காரியைக் கேலி செய்கிறார்களே, ஒருத்தராவது போய் அந்தக் கூடத்தை ஒருமுறை பார்த்தார்களா?

“உங்க அண்ணன்கிட்ட சொல்றது செவிடன் காதுல ஊதின சங்குதான்” என்றார் கணவர். “நீயே ஒரு நாள் ஒர்க்‌ஷாப்ல கொண்டுபோய் விட்டுடேன்.”

அதற்கும் வழியில்லை. கார் பகலெல்லாம் பயிற்சியில் ஓடும். இருட்டியதும் அண்ணன் அதிலேயே வீட்டுக்குப் போவார். அவர் ஓட்டும்போது அது நேராகத்தான் போகும். அவர் கை அதற்குத் தகுந்தாற்போல் வளைந்துவிட்டது. அவருக்குத் தெரியாமலே வலக்கை எப்போதும் கொஞ்சம் கீழே இழுத்துப் பிடித்திருக்கும். “எனக்கு நேராத்தானே போகுது? உனக்கு மட்டும் ஏன் போகமாட்டேங்குது?” என்று கேட்கும்போது அவர் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அழுகையே வந்துவிடும்.

இந்தச் சமயத்தில்தான் நர்ஸம்மா வந்து சேர்ந்தாள்.

நர்ஸம்மாவுக்கு அவள் வயதுதான் இருக்கும். வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகளுக்குக் கட்டு மாற்றுவதும் ஊசி போடுவதும் வேலை. பஸ்ஸுக்குக் காத்திருந்தே பாதி நாள் போய்விடுகிறது என்று கார் கற்க வந்தாள். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துப் பழகிய கை, சொன்னதைச் சொன்னபடி செய்யும். இத்தனை மில்லி என்றால் இத்தனை மில்லி. அண்ணன் முதல் நாளே அவளிடம் “டேப்பை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க. டேப் மேலே இருந்தா நீங்க நேரா இருக்கீங்க” என்று சொல்லிவிட்டார். நர்ஸம்மா அதை டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப்போல் எடுத்துக்கொண்டாள்.

மற்ற பிள்ளைகள் இப்படியில்லை. வண்டி இழுத்தால் அவர்களும் இழுப்பார்கள். நாலு முறை தப்பாக இழுத்து, ஐந்தாவது முறை எப்படியோ ஒப்பேற்றித் தேர்வில் தேறிவிடுவார்கள். அந்த டேப்பையும் மிஞ்சி வண்டி இழுக்க ஆரம்பித்திருந்தது. நர்ஸம்மா டேப்பை உச்சியில் வைத்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல், யோக்கியமாக இடப்பக்கக் கால்வாயை நோக்கிப் போவாள். பயிற்சித் தெருவில் மெதுவாகப் போகும்போது அவ்வளவாகத் தெரியாது. தேர்வுச் சாலையில் வேகம் கூடியதும் வண்டி நடுங்கும், இழுக்கும். பிரேக் போட்டால் இன்னும் இழுக்கும்.

முதல் தேர்வில் தோற்றாள். இரண்டாவதில் தோற்றாள். மூன்றாவதில், கோட்டருகே நிறுத்தவேண்டிய இடத்தில், கார் ஒரு பக்கமாகப் பாய்ந்து, பாதை காட்ட வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்பு ஒன்றை அடித்துத் தள்ளியது. தேர்வு அதிகாரி சட்டைப்பையில் மூன்று பேனா வைத்திருப்பவர். அதில் சிவப்பை எடுத்தார். “ஸ்டியரிங் கட்டுப்பாடு சுத்தமா இல்லை” என்றார். நர்ஸம்மாவைப் பார்த்துச் சொல்லவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த பிரேக் அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

அன்று மாலை அலுவலக அறையில் அண்ணன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தொலைபேசி மேசையில் அண்ணியின் தம்பி, வேலையில்லாமல் வந்து ஒட்டிக்கொண்ட பிள்ளை, நகம் வெட்டிக்கொண்டிருந்தான்.

“மூணு தடவைம்மா. ஒரே ஆள் மூணு தடவை. வெளியில என்ன பேசுவாங்க?”

“வண்டியைப் பாருங்கன்னு எத்தனை தடவை சொல்லிட்டேன்?”

“அதே வண்டியிலதானே மத்தவங்க பாஸ் பண்றாங்க?”

“அவங்க வண்டியோட மல்லுக்கட்டிப் பாஸ் பண்றாங்கண்ணே. ஓட்டி இல்ல.”

“ஆடத் தெரியாதவ…” என்று ஆரம்பித்தார். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு அன்பாகவே, தலைவலிக்குத் தைலம் தடவுகிற குரலில் சொன்னார். “உனக்கும் ஓய்வு வேணாமா? இப்படிச் செய்வோம். அடுத்த வாரம் நர்ஸம்மாவுக்கு மறுபடி டெஸ்ட். தேறினா சரி. தேறலைன்னா மச்சான் காரைப் பாத்துக்கட்டும். நீ இங்க ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ஜம்முனு போன் எடு.”

மச்சான் நகவெட்டியை நிறுத்தி, அவளைப் பார்த்துச் சிரித்தான். அவன் போன வருடம்தான் உரிமம் எடுத்தவன். யார் கற்றுக்கொடுத்தது? இவள்தான்.

வீட்டுக்கு நடந்தே போனாள். வந்தது கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த இருக்கை போனால் அவளுக்கு என்ன இருக்கிறது? ஃபேன் இருக்கிறது. தொலைபேசி இருக்கிறது. “காலையில ஆறு மணிக்கு வகுப்பு உண்டா?” என்று கேட்பவர்களுக்கு “உண்டு, மச்சான் வருவார்” என்று சொல்லவேண்டியிருக்கும். மறுநாள் காலை சீக்கிரமே எழுந்து காரில் உட்கார்ந்தாள். ஒரு பசைத் தடத்தை நகத்தால் சுரண்டினாள். அது வரவில்லை.

நர்ஸம்மாவிடம் அன்று எரிந்து விழுந்தாள். “டேப்பைப் பாக்காதீங்க! ரோட்டைப் பாருங்க, ரோட்டை!”

நர்ஸம்மா வண்டியை ஓரமாக நிறுத்தினாள். அவள் திருப்பவே வேண்டியிருக்கவில்லை, வண்டி தானாகவே ஓரம் கட்டிக்கொண்டது. “அக்கா, உங்க அண்ணன் டேப்பைப் பாருங்கறார். நீங்க ரோட்டைப் பாருங்கறீங்க. எனக்கு இருக்கறது ரெண்டு கண்ணு. அதுவும் ஒரே பக்கம்தான் பாக்கும்.”

“தப்பா நினைக்காதீங்க நர்ஸம்மா. எனக்கு வேற கோபம்.”

“ஒண்ணு கேக்கறேன். இந்த வண்டிக்கு உடம்பு சரியில்லைதானே? நோயாளி ஒரு பக்கமாச் சாஞ்சு நடந்தா, நாங்க கட்டிலை நகர்த்திப் போடமாட்டோம். காலைப் பாப்போம்.”

இவ்வளவு நாள் தான் சொல்லிக் கேட்காத உலகத்தில் இன்னொரு வாய் அதையே சொன்னதும், அழுதுவிடுவோமோ என்று பயந்து அவள் கண்ணாடியைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டாள்.

விடிவு அண்ணனின் கடைவாய்ப் பல் வழியாக வந்தது. அது ரொம்ப நாளாகத் தொந்தரவு கொடுத்த பல். அதையும் அவர் தன் வழக்கப்படிதான் சமாளித்து வந்தார். வலித்தால் மறுபக்கமாக மெல்லுவார். கடைசியில் கன்னம் பந்தாக வீங்கி, பல்லைப் பிடுங்கி, வாய் நிறையப் பஞ்சோடு வீட்டில் படுத்துவிட்டார். பேசக் கூடாது என்று டாக்டர் கட்டளை. அந்த டாக்டரை அவள் மனதாரக் கும்பிட்டாள்.

உடனே தொலைபேசியில் கூப்பிட்டாள். “அண்ணே, வண்டியை ஒர்க்‌ஷாப்ல விடட்டுமா?”

“ம்ம்! ம்ம்ம்!”

“சரிண்ணே, விட்டுடறேன்” என்று வைத்துவிட்டாள். அந்த ‘ம்’ சம்மதமா மறுப்பா என்று ஆராய்வது தங்கைக்கு அழகல்ல.

ஒர்க்‌ஷாப்காரருக்கு ஊரில் ‘நாளைக்கு’ என்று பெயர். எதைக் கேட்டாலும் அதுதான் பதில். நல்ல வேலைக்காரர், ஆனால் அந்த வேலை எப்போதும் மறுநாளில்தான் இருக்கும். அவள் காரை உள்ளே விட்டு, ஒரு பழைய டயரின்மேல் கைப்பையை வைத்து, அதன் பக்கத்தில் இன்னொரு டயரில் தானும் உட்கார்ந்தாள்.

“நாளைக்கு வந்து எடுத்துக்குங்கம்மா.”

“பரவாயில்லை, இங்கயே இருக்கேன்.”

“நாளைக்குன்னு சொன்னேனே.”

“சரி, நாளைக்கு வரைக்கும் இங்கயே இருக்கேன்.”

அவர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே ஜாக்கியை எடுத்தார்.

காரின் முன்பக்கம் மேலே எழும்பியது. முதலில் காற்றுமானியை வைத்தார். அண்ணன் வழக்கமாக உதைக்கும் வலப்பக்கச் சக்கரம் கல்லுதான். இடப்பக்கத்து முன்சக்கரம் பாதிக் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. “ஒரு பக்கம் காத்து இறங்கினா அந்தப் பக்கமாத்தானே இழுக்கும்?” என்றார். டயரின் உள்விளிம்பைத் தடவி, கையை எடுத்து அவளிடம் காட்டினார். வெளிப்பக்கம் வரிவரியாக நன்றாக இருந்த டயர், உள்பக்கம் சவரம் செய்த கன்னம்போல் வழவழவென்று இருந்தது. பிறகு சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்து உள்ளும் புறமுமாக ஆட்டினார். டொக், டொக் என்று சத்தம் வந்தது.

“கேக்குதா? ஸ்டியரிங்லேருந்து சக்கரத்துக்குப் போற கம்பி முனையில ஒரு குண்டு மூட்டு இருக்கு. அதோட ரப்பர் உறை கிழிஞ்சு, மண்ணு போயி, தேஞ்சுடுச்சு. நீங்க ஒரு பக்கம் திருப்புவீங்க, சக்கரம் யோசிச்சு அப்புறம் திரும்பும்.”

“நடுங்குதே, அது?”

“ரிம் வளைஞ்சிருக்கு, எங்கயோ முட்டியிருக்கீங்க. எடை சரிபண்ற ஈயக்கட்டியும் விழுந்துட்டுது. வேகம் எடுத்தா நடுங்காம கும்மியா அடிக்கும்?” இடப்பக்கச் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டார். அது அரைச் சுற்றிலேயே நின்றுவிட்டது. வலப்பக்கச் சக்கரம் தடையில்லாமல் சுற்றியது. “பிரேக்கும் ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது. அதான் பிரேக் போட்டா பாயுது.”

ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவளுக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம்தான். ஒன்றல்ல, இத்தனையா! இத்தனை கோளாறையும் வைத்துக்கொண்டு, கையைச் சரியாக வை, கண்ணைச் சரியாக வை என்று எத்தனை பிள்ளைகளைத் திட்டியிருப்பாள்!

“எப்ப காட்டியிருக்கணும்?” என்று கேட்டாள்.

“முட்டின அன்னிக்கே. விளிம்புல ஒரு நல்ல இடி இடிச்சா, சக்கரம் நேரா நிக்கற கணக்கு, அதான் அலைன்மென்ட், போயிருக்கும்னு வச்சுக்குங்க, உடனே கொண்டாந்து பாத்துடணும். காத்தைக் காலையில, வண்டி ஓடறதுக்கு முன்னாடி, டயர் சூடாகாம இருக்கறப்ப பாக்கணும், நாலுலயும். டயரை அப்பப்ப முன்னபின்ன மாத்திப் போடணும். உங்க வண்டி பயிற்சி வண்டி வேற. மத்த வண்டி ஒரு வருஷத்துல படற அடியை இது ஒரு மாசத்துல படுது.” பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, ஸ்டியரிங்கைப் பார்த்தார். “இது என்ன, ஏணி வரைஞ்சு வச்சிருக்கீங்க?”

அவள் கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தாள்.

குண்டு மூட்டு மாற்றி, பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து, வேறு ரிம்மில் வேறு டயர் போட்டு, எடை சரிபார்த்து, கடைசியில் அலைன்மென்ட் மேடையில் ஏற்றினார்கள். மறுநாள் உச்சிவெயிலில் வேலை முடிந்தது. நாளைக்கு என்று சொன்னது அன்று மட்டும் உண்மையாகிவிட்டதில் அவருக்கே ஆச்சரியம். காரை இறக்கியபோது சக்கரங்கள் நேராக நின்றன. ஸ்டியரிங்கில் மஞ்சள் டேப் இடப்பக்கம் எங்கோ கீழே கிடந்தது. உச்சியில் நின்றது மங்கிப்போன முதல் தடம், அப்பா ஒட்டிய இடம். அவள் டேப்பைப் பிரித்துக் கசக்கி ஜன்னல் வழியாக எறிந்தாள்.

கிளம்பினாள். தெருமுனைகூடத் தாண்டவில்லை, வண்டி வலப்பக்கம் போயிற்று. எதிரே வந்த சைக்கிள்காரர் மணியடித்துத் திட்டிவிட்டுப் போனார். படுபாவி, என்ன வேலை பார்த்திருக்கிறான்! திருப்பிக்கொண்டுபோய் ஒர்க்‌ஷாப்காரர் முன்னால் நிறுத்தினாள்.

“வலப்பக்கம் இழுக்குது!”

அவர் ஏறி உட்கார்ந்து, தெருவில் கொஞ்ச தூரம் ஓட்டி, இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். கார் கோடு போட்டதுபோல் போயிற்று. “வண்டி இழுக்கலைம்மா. நீங்க இழுக்கறீங்க. உங்க கையைப் பாருங்க.”

பார்த்தாள். மடியில் கிடக்கும்போதுகூட வலக்கை கொஞ்சம் கீழே இறங்கித்தான் இருந்தது. கோணல் கோணல் என்று கத்திக் கத்தி, கடைசியில் அவள் கையும் அதே கோணலில் சம்பளம் வாங்காமல் வேலை பார்த்திருக்கிறது. அண்ணனைத் திட்டலாம், டேப்பைத் திட்டலாம். இதற்கு யாரைத் திட்டுவது? வீடுவரைக்கும், புதிதாகப் பழகுகிற பெண்ணைப்போல், ஆமை வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனாள். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும்.

நர்ஸம்மாவுக்கு அதிகம் தேவைப்படவில்லை. டேப் இல்லாத ஸ்டியரிங்கைப் பார்த்து முதலில் தடுமாறினாள். “எதைப் பாக்கட்டும்?” என்றாள். “தூரத்துல, நீங்க போகவேண்டிய இடத்தைப் பாருங்க. கை தானா வரும்.” கை தானாக வந்தது. இந்த வண்டியோடு மல்லுக்கட்டக் கற்றுக்கொள்ளாத கை அது ஒன்றுதான். தேர்வுக்கு முந்தின மாலை, நடுங்காத ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்து, “காய்ச்சல் விட்டுடுச்சு” என்றாள் நர்ஸம்மா.

தேர்வு நாள். இருவரும் காரை மைதானத்தில் நிறுத்திவிட்டுச் சீட்டு வாங்க வரிசைக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது காருக்குப் பக்கத்தில் அண்ணன் நின்றார். கன்னம் இன்னும் வடியவில்லை. கட்டை விரலை உயர்த்திக் காட்டிச் சிரிக்க முயன்றார். பாவம், உடம்பு முடியாமலும் வந்திருக்கிறாரே என்று அவளுக்கு ஒரு கணம் மனசு இளகியது. அந்த நேரம் பார்த்து அதிகாரி கூப்பிட்டுவிட்டார். அவர் முன்னால் ஏறினார், நர்ஸம்மா ஸ்டியரிங்கில், இவள் பின்னால். விதி என்னவென்றால் பின்னால் இருப்பவர் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் தேர்வு ரத்து.

கதவு சாத்திய பிறகுதான் பார்த்தாள். ஸ்டியரிங்கில் புத்தம்புது மஞ்சள் டேப். கடைசித் தடத்தின்மேல், பழைய இடத்திலேயே, அன்பாக அழுத்தி ஒட்டப்பட்டிருந்தது.

கத்தக் கூடாது. தோளைத் தொடக் கூடாது. இருமினாலும் அதிகாரி திரும்பிப் பார்ப்பார். கண்ணாடி வழியாகப் பார்த்தால், வெளியே அண்ணன் இன்னும் கட்டை விரலை உயர்த்தியபடி நின்றார். இந்த மனிதரை என்ன செய்வது, கடவுளே, இந்த மனிதரை என்னதான் செய்வது?

நர்ஸம்மா டேப்பைப் பார்த்தாள். சொன்னதைச் சொன்னபடி செய்கிற கை அதை உச்சிக்குக் கொண்டுவந்தது. கார் நகர்ந்தது, நகர்ந்ததும் வலப்பக்கம் திரும்பியது. கூம்பு வரிசை கிட்டே கிட்டே வந்தது. பின்னிருக்கையில் இவள் கால், இல்லாத பிரேக்கைத் தரையோடு தேய்த்து மிதித்தது. அதிகாரியின் விரல் சிவப்புப் பேனாவைத் தொட்டது.

வண்டி நின்றது. நர்ஸம்மாதான் நிறுத்தியிருந்தாள், பதறாமல், ஒரு பக்கமும் பாயாமல். டேப்பையே ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு நகத்தால் ஒரு முனையைக் கிளப்பி, சர்ரென்று ஒரே இழுப்பில் பிரித்தாள். ஆயிரம் கட்டுப் பிரித்த கை அது.

“என்னம்மா அது?” என்றார் அதிகாரி.

“பழைய கட்டு சார். காயம் ஆறிடுச்சு, எடுக்க மறந்துட்டாங்க.” டேப்பைத் தன் புறங்கையில் ஒட்டிக்கொண்டாள். “மறுபடி எடுக்கட்டுமா சார்?”

அவர் கூம்பைப் பார்த்தார். அது நின்ற இடத்திலேயே நின்றது. “ம்” என்றார்.

நர்ஸம்மா தூரத்தைப் பார்த்தாள். கார் அந்த நீளச் சாலையில் போயிற்று. வேகம் எடுத்தது, நடுங்கவில்லை. கோட்டருகே நிறுத்தச் சொன்ன இடத்தில் நின்றது. அதிகாரி சிவப்பை உள்ளே வைத்து, நீலத்தை எடுத்துத் ‘தேர்ச்சி’ என்று எழுதினார். “ஏன், இன்னிக்கு வண்டி அமைதியா இருக்கு?” என்றார். பின்னால் இருந்தவளுக்குப் பேச அனுமதி இல்லாததால் முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள்.

அண்ணன் ஓடி வந்தார். பஞ்சு எடுத்த வாயில் முதல் பேச்சு இதுதான். “பாத்தியா? டேப் இல்லைன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. நல்ல வேளை, நான் வந்து ஒட்டினேன். இல்லைன்னா இந்தத் தடவையும் கோவிந்தாதான்!”

நர்ஸம்மா தன் புறங்கையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். இவள் வாயெடுத்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

“சாவியைக் குடு. நானே ஓட்டறேன்” என்று அண்ணன் ஏறி உட்கார்ந்தார். அவள் தன் இருக்கையில், தன் பள்ளத்தில், உட்கார்ந்தாள். பாதம் வழக்கம்போல் மிதிமேல் போயிற்று. நர்ஸம்மா பின்னால் ஏறிக்கொண்டாள்.

அண்ணன் தாராளமாக, பல வருடப் பழக்கத்தோடு, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக் கிளப்பினார். கார் வலப்பக்கம் வளைந்து நேராகக் கூம்பு வரிசைக்குள் புகுந்தது. ஒன்று விழுந்தது, இரண்டு விழுந்தது, மூன்றாவதற்குள் அவள் பிரேக்கை மிதித்துவிட்டாள். மேசையில் எழுதிக்கொண்டிருந்த அதிகாரி தலைநிமிர்ந்து பார்த்தார். பள்ளியின் பெயர் காரின்மேல் பெரிதாக எழுதியிருந்தது.

“என்ன செஞ்சு வச்சிருக்கே?” அண்ணன் வீங்கிய கன்னத்தோடு கத்தினார். “நல்லா ஓடின வண்டியைக் கெடுத்து வச்சிருக்கியே! கோணலாப் போகுது பார்!”

அவள் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. அவரைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனை வருடமாகக் கேட்டது, எத்தனை முறை பதிலில்லாமல் விழுங்கியது.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றாள்.

அண்ணன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். பல் எடுத்த இடம் வலித்திருக்கலாம். பின்னால் நர்ஸம்மா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் தும்மல்போல் ஒரு சத்தம் போட்டாள்.

“இறங்குங்கண்ணே. பின்னால உட்காருங்க. நர்ஸம்மா, நீங்க முன்னால வாங்க.”

அவர் இறங்கினார். விழுந்த கூம்புகளை, யாரும் சொல்லாமலே, தானே எடுத்து நிறுத்திவிட்டு வந்து பின்னால் ஏறினார். இருக்கையைப் பற்றியோ மச்சானைப் பற்றியோ அப்புறம் அவர் பேச்செடுக்கவில்லை. பாதி வழியில் மட்டும், ஜன்னல் பக்கம் திரும்பியபடி, “காத்து நல்லாப் பாத்தியா, நாலுலயும்?” என்று கேட்டார்.

“பாத்தேண்ணே.”

“உதைச்சா?”

“இல்லண்ணே. மானி வச்சு.”